பசிக்கு மணி அடிப்பது வயிறு அல்ல, மூளை!
நைட் ஷிப்ட் தொழிலாளிக்கு நடுராத்திரியில் பசிப்பது ஏன்?

பாரூர்:

பொழுது சாய்ந்ததும் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. வீட்டில் களி உருண்டை சாப்பிட்டுவிட்டு, பாரூர் பக்கத்து ஆட்கள் நைட் ஷிப்டுக்குக் கிளம்புகிறார்கள். சிலர் போச்சம்பள்ளி சிப்காட்டுக்கு, சிலர் ஓசூருக்கு.

ராத்திரி 2 மணி. வயிற்றைக் கிள்ளுகிறது பசி! டீயும் போண்டாவும் உள்ளே போகின்றன. காலையில் இறங்கியதும், "அண்ணே, ரெண்டு பரோட்டா போடுங்க!"

"வாயைக் கட்டத் தெரியாதவன்" என்று வீட்டில் பேச்சு வேறு.

ஆனால் குற்றவாளி வாயும் அல்ல, வயிறும் அல்ல. அது மண்டைக்குள் இருக்கிறது!

பட்டினி கிடந்த எலி

இதைக் கண்டுபிடித்ததில் பெரும்பங்கு ஓர் இந்தியருக்கு உண்டு. அவர் டாக்டர் பி.கே. ஆனந்த். 1956-ல் உருவான டில்லி எய்ம்ஸில் உடலியல் துறைத் தலைவராக இருந்தவர்.

அதற்கு முன்பு, 1951-ல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக் என்ற பேராசிரியருடன் சேர்ந்து எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். மூளையின் அடியில் ஹைபோதாலமஸ் என்று ஒரு பகுதி. பாதாம் பருப்பு அளவுதான் இருக்கும். அதன் இரு ஓரங்களிலும் ஒரு சின்ன இடத்தை மட்டும் மின்சாரம் பாய்ச்சி அழித்தார்கள்.

என்ன ஆச்சரியம்! எலிகள் சாப்பாட்டைத் தொடவே இல்லை. எதிரே தீனி இருந்தும் பட்டினி கிடந்தே செத்தன.

அதே ஹைபோதாலமஸின் நடுப்பகுதியை அழித்தால் எலி தின்று தின்று கொழுக்கிறது என்பது 1940-லேயே தெரிந்துவிட்டது. ஆக, ஓரத்தில் பசி. நடுவில் 'போதும்' என்ற பிரேக்!

ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பசி இடம் அடங்குகிறது, பிரேக் இடம் விழிக்கிறது என்பதையும் பின்னாளில் ஆனந்த் குழு எய்ம்ஸில் காட்டியது. இரண்டு இடங்களோடு விஷயம் முடிவதில்லை, பல நரம்புக் கூட்டங்கள் சேர்ந்து நடத்தும் வேலை இது என்பது இன்றைய விஞ்ஞானம். ஆனால் கதவைத் திறந்தது அந்த எலிதான்.

இரண்டு தபால்காரர்கள்

வயிற்றில் இருப்பது மூளைக்கு எப்படித் தெரிகிறது? தபால் போகிறது! உடம்புக் கொழுப்பு 'லெப்டின்' என்ற ஹார்மோனை அனுப்பி, "கையிருப்பு இருக்கு, போதும்" என்கிறது. இது தெரியவந்தது 1994-ல். காலி வயிறு 'கிரெலின்' அனுப்பி, "சோறு போடு" என்கிறது. இது 1999-ல்.

தூக்கம் கெட்டால்...

இங்கேதான் நைட் ஷிப்டுக்கு வம்பு. உடம்பின் கடிகாரம் இருப்பதும் அதே ஹைபோதாலமஸில்தான்!

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 12 வாலிபர்களை இரண்டு நாள் ராத்திரி 4 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். 2004-ல் முடிவு வெளியானது. நன்றாகத் தூங்கிய நாட்களைவிட லெப்டின் 18 சதவீதம் குறைவு, கிரெலின் 28 சதவீதம் அதிகம். பசி 24 சதவீதம் கூடிப்போனது! அதுவும் இனிப்பு, உப்பு நொறுக்குத்தீனி, மாவுப் பண்டம் மேல்தான் ஆசை.

சோதனைக்கு வந்தவர்களுக்கு இரண்டே நாள். ஷிப்ட் தொழிலாளிக்கு? வருஷக்கணக்கு! நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு எடை கூடுவதும் சர்க்கரை நோய் வருவதும் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்வதில் வியப்பில்லை.

என்ன செய்யலாம்?

வேலைக்குப் போகும் முன்பே வயிறாரச் சாப்பிட வேண்டும். அதற்கு நம்ம ஊர்க் கேழ்வரகுக் களியே நல்லது. அதில் இருக்கும் நார்ச்சத்து மைதா பரோட்டாவில் இல்லை.

அவசரமாக அள்ளிப் போடக்கூடாது. 'போதும்' என்ற சேதி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிஷம் ஆகும். அதற்குள் நாலாவது பரோட்டா உள்ளே போயிருக்கும்!

எல்லாவற்றுக்கும் மேலே தூக்கம். ஷிப்ட் முடிந்து வந்தவரை, "பகல்ல என்ன படுக்கை?" என்று எழுப்பாதீர்கள். ஜன்னலைச் சாத்தி, டி.வி.யை நிறுத்துங்கள். அவர் தூங்கட்டும்.

பாதி பசி அங்கேயே அடங்கும்!