அடித்து வளர்த்த பட்டை

நாமக்கல் பக்கமிருந்து ஒரு லாரி ஓட்டுநர் கடிதம் எழுதியிருக்கிறார். முழுச் சுமையோடு மேடு பள்ளமெல்லாம் தாண்டிப் போனபோது ஒன்றும் ஆகாத ஸ்பிரிங் பட்டை, மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகையில் நல்ல தார்ச்சாலையில் பட்டென்று முறிந்துவிட்டதாம். ‘இது என்ன நியாயம்?’ என்கிறார்.

பல மாதங்களாக உடைந்துகொண்டிருந்த பட்டைக்கு அன்றைக்குத்தான் கணக்கு முடிந்திருக்கிறது. முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பகுதி மழமழவென்று மங்கலாக இருக்கும். அதில் கிளிஞ்சல் வரிகள்போல வளைகோடுகள்கூடத் தெரியலாம். அது விரிசல் மெல்ல ஊர்ந்து வந்த வழி. மீதி, சொரசொரவென்று புதிதாக மின்னும். அது மிச்சமிருந்த எஃகு தாக்குப்பிடிக்க முடியாமல் ஒரே நொடியில் அறுந்த இடம்.

கம்பியை மாற்றி மாற்றி வளைத்தால் ஒடியும் என்பது நமக்குத் தெரியும். கண்ணுக்கு வளைவே தெரியாத சின்ன விசையும் லட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் அதே வேலையைச் செய்யும் என்பதை அறிய உலகம் பெரிய விலை கொடுத்தது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அண்டார்க்டிகா வரை போய்த் திரும்பிய கடலோடி துமோன் துர்வீலும் அதில் போனார். பிறகு பிரஷ்ய ரயில்வேயின் ஆகஸ்ட் வோலர் அச்சுகளைச் சுழலவிட்டு, எவ்வளவு சுமைக்கு எத்தனையாவது சுற்றில் முறிகிறது என்று ஆண்டுக்கணக்கில் எண்ணினார். ஒவ்வொரு சுற்றிலும் அச்சின் மேற்பரப்பு ஒருமுறை இழுபடும், ஒருமுறை அமுங்கும். 915 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் சென்னையிலிருந்து மதுரைக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 1,70,000 முறை சுற்ற வேண்டும். ஒரு பயணத்துக்கே இத்தனை!

இப்படி முறிவதற்குக் கண்டுபிடித்த வைத்தியம்தான் எனக்கு வியப்பு. அடி தாங்க வேண்டிய பட்டையை முதலிலேயே அடித்துவிடுகிறார்கள். ‘ஷாட் பீனிங்’ என்று பெயர். கடுகளவு எஃகுக் குண்டுகளை மழையாகப் பொழிந்து, பட்டையின் இழுபடும் பக்கம் முழுக்க அம்மைத் தழும்புபோலச் சிறு குழிகளை உண்டாக்குவார்கள். அடிபட்ட மேல்தோல் பரவப் பார்க்கும். உள்ளே இருக்கும் எஃகு விடாது. அதனால் தோல் நிரந்தரமாக நெரிபட்டே கிடக்கும்.

நான் கல்லூரிக்குப் போன காலைநேர டவுன் பஸ் நினைவுக்கு வருகிறது. அந்த நெரிசலில் டிரைவர் பிரேக் போட்டாலும் யாரும் விழ மாட்டோம். விழ இடைவெளி வேண்டுமே! விரிசல் என்பதும் இடைவெளிதான். நெரிபட்ட தோலில் அது வாய் திறக்க முடியாது.

குண்டுமழை போதுமா என்று பார்க்க ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் அல்மென் சொன்ன வழி இன்னும் அழகு. ஒரு மெல்லிய எஃகுத் துண்டை ஒரு பக்கம் மட்டும் அடிபட வைத்துக் கழற்றினால், அடிபட்ட பக்கம் புடைத்து அது வில்லாக வளையும். வளைவின் உயரம்தான் அளவு. ‘அடியாத மாடு படியாது’ என்பதை மாட்டிடமும் பிள்ளையிடமும் காட்ட வேண்டாம், எஃகிடம் காட்டலாம்.

ஆனால் இந்தக் காப்பு, மில்லிமீட்டரில் ஒரு பங்கு ஆழம்தான். துரு அதைவிட ஆழமாக அரித்தால் போயிற்று. தொய்ந்த பட்டையைச் செக்கச்செவேலென்று காய்ச்சி மீண்டும் வளைத்தாலும், முறிந்ததை வெல்டிங் வைத்து ஒட்டினாலும் நெரிசல் கலைந்துவிடும், பஸ் காலி. கூடுதல் சுமையோ, உள்ளே பிறந்த விரிசலை வேகமாக வளர்க்கும். ‘இவ்வளவு நாள் தாங்கியதே’ என்று நாம் சொல்லும் ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கில் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. அபராதத்துக்குப் பயந்து சோதனைச்சாவடியில் மட்டும் எடையைப் பார்க்கிறோம். பட்டைக்கு வழி முழுக்கச் சோதனைச்சாவடி.

ஓட்டுநர் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். உடைந்த துண்டைப் பழைய இரும்புக் கடையில் போடுவதற்கு முன், அந்த வளைகோடுகள் எந்த ஓரத்தைச் சுற்றிக் குவிகின்றன என்று பாருங்கள். அங்கே துருக்குழியோ, கீறலோ, வெல்டிங் பொட்டோ இருக்கும். என்ன இருந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.