துறைமுகத்தை ஊருக்குத் திறந்து காட்டுங்கள்

அட்டப்பாடியில் அகளிப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கொச்சிக்குச் சுற்றுலா கூட்டிப்போனால் சீனவலை, மட்டாஞ்சேரி அரண்மனை, படகுச் சவாரி என்று பொழுது போய்விடும். வைப்பின் படகில் ஏறினால் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் கிரேன்கள் நன்றாகத் தெரியும். ஆனால் வாசலைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கே வேலை இல்லாதவர்களுக்கு அது எளிதில் கிடைக்காது. இந்த நடைமுறை மாற வேண்டும். நம் அன்றாட வாழ்வைத் தாங்கி நிற்கும் இடத்தை நாமே உள்ளே போய்ப் பார்க்க ஒரு வழி இருக்க வேண்டும்.

மலையோரத்தில் இருப்பவர்களுக்குத் துறைமுகம் எதற்கு என்று கேட்பார்கள். துறைமுகம் பிழைப்பதே உள்நாட்டை நம்பித்தான். கடலே இல்லாத உகாண்டாவின் காப்பிக்கொட்டை கென்யாவின் மொம்பாசா வழியாகத்தான் பெரும்பாலும் உலகச் சந்தைக்குப் போகிறது. 1896 முதல் 1901 வரை, இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஆயிரக்கணக்கான கூலித் தொழிலாளர்களின் உழைப்பில், அங்கிருந்து விக்டோரியா ஏரி வரை ரயில் பாதை போட்டதும் உள்நாட்டைத் துறைமுகத்தோடு இணைத்தது. நமக்குப் பாலக்காட்டுக் கணவாய் அப்படி ஒரு வழி. கோவைச் சரக்கு வாளையாறு தாண்டிக் கொச்சிக்கு இறங்குகிறது. கொல்லத்து ஆலைகளில் உடைபடும் முந்திரிக்கொட்டையில் ஒரு பங்கு தான்சானியா, மொசாம்பிக் கரைகளிலிருந்து கப்பலேறி வந்ததுதான். கடையில் பொட்டலம் வாங்கும் நமக்கு அந்தப் பயணத்தின் நடுக்கண்ணியான துறைமுகம் மட்டும் தெரியாமலே இருக்கிறது.

அந்தக் கண்ணி சும்மா வந்துவிடவில்லை. கொச்சி முகத்துவாரத்தில் குறுக்கே கிடந்த கெட்டி மணல்திட்டைப் பெரிய கப்பல்கள் தாண்ட முடியாமல் இருந்தது. 1920-ல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அதை வெட்டிக் கப்பல்வழி அமைத்தார். தோண்டிய மண்ணில் வில்லிங்டன் தீவு எழுந்தது. 1928 மே 26-ல் ‘பத்மா’ கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. பிரிஸ்டோ காலத்தில் தொடங்கிய தூர்வாரல் இன்றும் நிற்கவில்லை. வல்லார்பாடம் முனையம் 2011-ல் திறக்கப்பட்டது. அதற்குப் போகும் சாலைக்காக 2008-ல் மூலம்பிள்ளியில் வீடுகளை இடித்தார்கள். மூலம்பிள்ளியிலும் சுற்றுப்புறங்களிலும் 316 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. இவ்வளவு மண்ணும் பணமும் கண்ணீரும் போன இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் உரிமை, விலை கொடுத்தவர்களுக்கு உண்டு.

‘பார்க்க என்ன இருக்கிறது, எல்லாம் இரும்புப் பெட்டிதானே’ என்பது அடுத்த பேச்சு. அந்தப் பெட்டியின் மேல் நான்கு மூலைகளிலும் நீள்வட்டத் துளை இருக்கும். கிரேனின் பிடி மேலே உட்கார்ந்ததும் ஒவ்வொரு துளைக்குள்ளும் ஓர் எஃகுப் பூட்டு கால் வட்டம் திரும்பும். அந்த நாலு பூட்டில்தான் மொத்தப் பாரமும் தொங்கும். சில பெட்டிகளின் சுவரில் சாய்சதுர எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அது நீல நிறமாக இருந்தால், உள்ளே உள்ளது தண்ணீர் பட்டால் எரியும் வாயுவைக் கக்கும் சரக்கு. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல், 2025 மே 25-ல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. பதின்மூன்றில் அபாயச் சரக்கு. அதில் பன்னிரண்டு, தண்ணீரைத் தொட்டால் அசெட்டிலீன் வாயு விடும் கால்சியம் கார்பைடு. கேரளக் கரையின் பல இடங்களில் பெட்டிகளும் பிளாஸ்டிக் மணிகளும் ஒதுங்கின. நீலச் சாய்சதுரத்தின் பொருள் தெரிந்த மீனவர் அத்தகைய பெட்டியின் அருகே போகமாட்டார். எல்லாப் பெட்டியையும் இரும்புப் பெட்டியென்று மட்டும் பார்த்தவர் போகக்கூடும். துறைமுக அறிவை நான் அழகுக்காகக் கேட்கவில்லை, பாதுகாப்புக்காகக் கேட்கிறேன்.

பாதுகாப்பைக் காட்டித்தான் கதவை அடைக்கிறார்கள் என்பதும் தெரியும். கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான சர்வதேச விதிகள் 2004 ஜூலை முதல் நடப்பில் உள்ளன. கிரேன் வேலை செய்யும் தளத்தில் கூட்டத்தை விடக்கூடாது என்பதும் நியாயமே. ஆனால் அதே விதிகளுக்கு உட்பட்ட ரோட்டர்டாம், 2025-ல் துறைமுகத்தை விளக்கிக் காட்டவே ‘போர்ட்லாண்டிஸ்’ என்ற பார்வையாளர் மையம் திறந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். கடற்படை வாரத்தில் கொச்சியிலேயே போர்க்கப்பல்களைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்டுகிறார்கள். போர்க்கப்பலைக் காட்ட முடிந்த ஊரில் சரக்குத் துறையைக் காட்ட முடியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கொச்சித் துறைமுக ஆணையம் மாதம் ஒரு நாள், வழிகாட்டியோடு, வேலித் தடுப்புக்கு இப்பாலிருந்து பார்க்கவாவது ஏற்பாடு செய்யட்டும். அட்டப்பாடிப் பள்ளிகளின் ஆசிரியர்களே, அடுத்த சுற்றுலாவுக்குத் திட்டம் போடும்போது ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.