பிளஸ் டூ எழுதும் ஊரே சொந்த மாநிலம்

நம் சங்கத்து அன்பர்கள் சரக்கு எடுக்க வரும்போது, பருப்பு விலை, எண்ணெய் விலைக்கு அடுத்தபடியாக இப்போதெல்லாம் பேசுவது பிள்ளைகளின் காலேஜ் அட்மிஷனைப் பற்றித்தான். துடியலூரில் என்னிடம் வெகுகாலமாகச் சரக்கு எடுக்கும் மளிகைக்காரர் ஒருவர், 2023 ஜூன் மாதம் ஒருநாள் சிட்டையைக்கூட நீட்டாமல் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்ணா, பையன் பொறந்தது, பத்தாவது வரைக்கும் படிச்சது எல்லாம் இங்கதானுங்களே. திருச்சி காலேஜுல அவனை வெளிமாநிலத்துக்காரன்னு சொல்றாங்க. இதென்னங்ணா நாயம்?"

விஷயம் இதுதான். பத்தாவது முடிந்ததும் ஜே.இ.இ. கோச்சிங்குக்காகப் பையனை ஹைதராபாத்தில் சேர்த்திருந்தார். பிளஸ் டூவுக்குச் சமமான இன்டர்மீடியட் பரீட்சையையும் பையன் அங்கேயே எழுதிவிட்டான். ரேங்க் குறை சொல்ல முடியாது. ஆனால் என்.ஐ.டி. கல்லூரிகளின் விதிப்படி, ஒரு மாணவனின் சொந்த மாநிலம் என்பது அவன் பிறந்த ஊரையோ, அப்பாவின் ரேஷன் கார்டையோ பொறுத்தது அல்ல. பிளஸ் டூவை எந்த மாநிலத்தில் பாஸ் செய்தானோ அதுதான் அவனுக்குச் சொந்த மாநிலம். ஆக, இந்தத் துடியலூர்ப் பையன் தெலங்கானா கணக்கில் போய்விட்டான். பணம் வாங்கிக்கொண்டு சேர்த்தவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்மவரும் கேட்கவில்லை. ஒரு மூட்டை துவரம்பருப்பு வாங்கினால் பிரித்து, கையில் அள்ளிப் பார்க்காமல் விடுகிறோமா?

இந்த ஏற்பாட்டின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய திருச்சி என்.ஐ.டி. 1964-ல் ரீஜனல் இன்ஜினியரிங் காலேஜாகத் தொடங்கியது. வாரங்கல், சூரத்கல், கோழிக்கோடு கல்லூரிகளும் அதே வகைதான். மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் கூட்டுச் சேர்ந்து நடத்தியவை. பட்டப்படிப்பின் நடைமுறைச் செலவு ஆளுக்குப் பாதி. இடங்களிலும் பாதி அந்த மாநிலத்துக்கு, பாதி வெளிமாநிலங்களுக்கு. 2003-ல் திருச்சிக் கல்லூரி என்.ஐ.டி. ஆகி முழுக்க மத்திய சர்க்கார் வசம் போன பிறகும் அந்தப் பாதிக்குப் பாதி கணக்கு மாறவில்லை.

இப்போது நாட்டில் 31 என்.ஐ.டி.க்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகளுக்குத் திருச்சி ஒன்றுதான் சொந்த மாநிலம். மற்ற 30-லும் வெளியாள். காரைக்கால் என்.ஐ.டி.யில்கூட அப்படித்தான், சுற்றிலும் நம் நாகை, மயிலாடுதுறை மாவட்டங்கள் என்றாலும் அது புதுச்சேரிக் கணக்கு. திருச்சியில் வெளிமாநிலப் பாதிக்கு நாடு முழுவதும் போட்டி போடுவதால், கம்ப்யூட்டர் சயன்ஸ் போன்ற பிரிவுகள் வெகு முன்னதாகவே முடிந்துவிடும். சொந்த மாநிலப் பாதியில் அதற்கும் கீழான ரேங்கிலும் இடம் கிடைக்கிறது. நம்மவர் பையன் இந்த இடைவெளியில்தான் விழுந்தான். சரி, வாரங்கலில் அவன் சொந்த மாநிலத்தான் ஆயிற்றே என்றால், அங்கே ஜே.இ.இ.க்கென்றே பழகிய பிள்ளைகள் கூட்டம். அதிலும் நினைத்த பிரிவு எட்டவில்லை.

"இங்க வந்து இன்னொரு தடவை பிளஸ் டூ எழுதினா ஆகாதுங்களா?" என்றார். ஆகாது. மார்க்கை உயர்த்த வேறு மாநிலத்தில் மறுபடி எழுதினாலும், முதலில் எங்கே பாஸ் செய்தானோ அந்த மாநிலம்தான் நிற்கும். ஐ.ஐ.டி.க்களில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே மாநிலக் கணக்கே கிடையாது.

இதே விதி வேறு சிலருக்கு லாபமாகவும் இருக்கிறது. கோவையில் ஜவுளி, ஹார்டுவேர் வியாபாரம் செய்யும் ராஜஸ்தான், குஜராத் குடும்பத்துப் பிள்ளைகள் இங்கே பிளஸ் டூ எழுதினால் திருச்சியில் அவர்கள் சொந்த மாநிலத்தவர்கள். அவர்களும் தலைமுறையாக இங்கே கடை வைத்திருப்பவர்கள், நான் குறை சொல்லமாட்டேன்.

நம் மாநில இன்ஜினியரிங் கலந்தாய்வின் விதி வேறு. 2007 முதல் அதற்கு நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம், இயற்பியல், வேதியியல் மார்க்கை 200-க்குக் கணக்கிடுகிறார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்தவர்களுக்கு நேட்டிவிட்டி சர்டிபிகேட் தேவையில்லை. நம் ஊர்ப் பிள்ளை வெளியே போய்ப் படித்திருந்தால் அந்த சர்டிபிகேட் கட்டாயம் வேண்டும். மருத்துவத்துக்கும் ஏறக்குறைய இதேபோல்தான், ஆறாவதிலிருந்து பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் 100-க்கு 15 இடம் அகில இந்திய ஒதுக்கீடு. அதற்கு எந்த மாநிலத்தவரும் நீட் மார்க்கை வைத்துப் போட்டியிடலாம். கோவை மெடிக்கல் காலேஜிலும் அப்படித்தான், டெல்லியில் நம் பிள்ளைக்கும் அப்படித்தான்.

நல்லவேளையாக நம்மவர் மே மாதமே தமிழ்நாடு கலந்தாய்வுக்கும் விண்ணப்பம் போட்டு வைத்திருந்தார். கோவை வடக்கு தாலுகாவில் நேட்டிவிட்டி சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்ததில், தடாகம் ரோட்டில் 1945-ல் தொடங்கிய அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பையனுக்கு மெக்கானிக்கல் கிடைத்தது. வீட்டிலிருந்து பஸ்ஸிலேயே போய்வந்தான்.

அவருடைய மகளுக்கும் ஜே.இ.இ. ஆசைதான். சென்ற வாரம் எண்ணெய் டின் ஏற்றும்போது கேட்டேன்.

"கோச்சிங் எங்க வேணா போகட்டுங்ணா, பரீட்சை மட்டும் இங்கதான்" என்றார்.