மூடி பெரிதானால் என்ன சிக்கல்?

பழைய செவ்ரலே வி8 எஞ்சினில், எட்டு சிலிண்டர்களுக்கும் மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர், இன்டேக் மேனிபோல்டில் உள்ள துளை வழியாக இறங்கி நிற்கும். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டு செல்லும் குழாய்த் தொகுதிதான் மேனிபோல்ட்.

எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழன்றால், டிஸ்ட்ரிபியூட்டர் அதில் பாதி, அதாவது விநாடிக்கு 25 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 8 பொறி; விநாடிக்கு 200! பழைய வகையில் ஒவ்வொரு பொறிக்கும் இரண்டு உலோக முனைகள் தொட்டுப் பிரிய வேண்டும். தேயாமல் என்ன செய்யும்? 1970களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் பரவலாக்கிய எச்.இ.ஐ. வகையில் அந்த முனைகளே இல்லை. காந்தமும் மின்னணுச் சுற்றும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் மின்னழுத்தச் சுருளையும் தலையில் சுமப்பதால் அதன் மூடி அகலமானது. சில மேனிபோல்டுகளில் இடிக்கும்.

எப்படியோ உள்ளே இறக்கிவிட்டால் போதாதா, மாணவர்களே? போதாது. கலவை எரிய நேரம் பிடிக்கும். அதே வேகத்தில் கிராங்க் தண்டு ஒரு மில்லிவிநாடியில் 18 பாகை திரும்பிவிடுகிறது. ஆகவே பிஸ்டன் உச்சியைத் தொடுமுன்பே பொறி தோன்ற வேண்டும். அந்த நேரத்தைச் சரிசெய்ய, டிஸ்ட்ரிபியூட்டரை இருபக்கமும் சற்றுத் திருப்ப இடம் வேண்டும்.

இடிக்கும் பகுதியை ராவி எடுக்கிறார்கள், மேனிபோல்டைக் கழற்றிய பிறகுதான். உலோகத் தூள் சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறிவிடும். குழாய் ஓட்டையானால்? உள்ளே அழுத்தம் குறைவு. கார்புரேட்டர் வழியே வராத காற்று புகுந்து, பெட்ரோலின் விகிதம் குறைந்து, எஞ்சின் உதறும். உலோகத்தின் தடிமன் போதாவிட்டால், சிறிய மூடியுள்ள டிஸ்ட்ரிபியூட்டரைத் தேடுவதே என் கட்சி.