பழைய கார், புதுச் செலவு

மைசூரில் ஒரு ஒர்க்‌ஷாப். லிஃப்டில் ஏற்றிய 2006 மாடல் பெட்ரோல் காரின் அடிவயிற்றை மெக்கானிக் ரப்பர் சுத்தியலால் தட்டுகிறார். உள்ளே ஓட்டாஞ்சில்லுகள் குலுங்கும் ஒலி. "கன்வர்ட்டர் போச்சு சார்" என்று தீர்ப்பு. கூடவே மலிவான பரிகாரம்: "உள்ளே இருக்கிறதை உடைச்சு எடுத்துட்டு வெறும் டப்பாவை மாட்டிடலாம். வண்டி பறக்கும்."

கார் என்னுடையது. அதனால்தான் இந்த விசாரணை.

பாடப்புத்தகத் தமிழில் இது 'வினையூக்கி மாற்றி'. அப்படிக் கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது. தேன்கூடு போன்ற பீங்கான். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் அது அடக்குகிறது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமானது. ஈயம் இதற்கு விஷம் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் கூடவே வந்தது.

கன்வர்ட்டர் தானாகச் சாவது அபூர்வம். கொலையாளி வேறெங்கோ இருப்பான். பிளக் சரியாகப் பொறி விடாவிட்டால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து பீங்கானை உருக்குகிறது. எஞ்சின் ஆயில் குடித்தால் பூச்சின் மேல் படிவம் ஏறுகிறது. காரணத்தைக் கவனிக்காமல் புதுசு வாங்கினால் அதற்கும் இதே கதிதான். சில வண்டிகளில் கன்வர்ட்டர் நிரபராதி; ஆக்சிஜன் சென்சாரோ ஓட்டை விழுந்த குழாயோதான் குற்றவாளி.

மைசூர் ஓட்டமும் இதற்கு ஒத்துவராது. சுமார் 300 டிகிரி சூடேறினால்தான் கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்யும். சரஸ்வதிபுரத்திலிருந்து தேவராஜ மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிற காரில், அது கண் விழிப்பதற்குள் மார்க்கெட் வந்துவிடுகிறது.

வெறும் டப்பா யோசனை? என் கார் வயதுள்ள வண்டிக்கு, ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கன்வர்ட்டர் இல்லாமல் எமிஷன் டெஸ்டில் தேறுவது கஷ்டம். குறுக்கு வழியில் சர்டிஃபிகேட் வாங்கலாம். பின்னால் வரும் ஸ்கூட்டர்காரரின் மூச்சுக்கு அது உதவாது. 2019 சட்டத் திருத்தப்படி மாசு விதியை மீறினால் ரூ.10,000 வரை அபராதம், சிறையும் உண்டு.

'உடைச்சு எடுக்கிற' பொருள் குப்பையல்ல. 2021இல் ரோடியம் ஒரு அவுன்ஸ் 25,000 டாலரைத் தாண்டியது. பழைய கன்வர்ட்டர்களை வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். மலிவு விலை மாற்றுக் கன்வர்ட்டர்களில் இந்த உலோகங்கள் குறைவாக இருப்பதும், அவை சீக்கிரம் ஓய்வதும் இதனால்தான்.

20 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க ரூ.10,000 என்று 2025 ஆகஸ்டில் மத்திய அரசு உயர்த்திவிட்டது. எஞ்சினே தளர்ந்திருந்தால் கன்வர்ட்டருக்குச் செலவழிப்பதைவிட வண்டியை ஸ்கிராப்புக்குக் கொடுப்பது மேல். எனவே முதலில் கம்ப்ரஷன் பார்க்கச் சொன்னேன். நான்கு சிலிண்டரிலும் அழுத்தம் சரி. ஒரு இக்னிஷன் காயில்தான் கெட்டிருந்தது.

முதலில் காயில், பிறகு ஒரிஜினல் கன்வர்ட்டர் என்று முடிவாயிற்று. கழற்றிய பழையதைச் சாக்கில் கட்டித் தரச் சொன்னேன். மெக்கானிக்கின் முகம் கொஞ்சம் வாடியது.