கரக்பூரில் போட்ட கணக்கு

திருப்பதியிலிருந்து ஹவுரா போகும் வண்டியில் ஏறியவர்களுக்குக் கரக்பூரின் நீண்ட பிளாட்பாரம் ஞாபகம் இருக்கும். அந்த ஊரிலிருந்துதான் 1944-ல் அமெரிக்கர்கள் ஜப்பானைக் குண்டுவீசித் தாக்கினார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். ஆகஸ்ட் கடைசியில் தளபதியாக வந்தவர் கர்ட்டிஸ் லெமே.

1906-ல் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவர். ஐரோப்பாவில், பீரங்கிக்குப் பயந்து வளைந்து பறந்தால் குறி தப்பும், மறுபடியும் அதே இடத்துக்குப் போகவேண்டி வரும் என்று கணக்குப் போட்டு, நேராகப் பறக்கச் சொன்னார். தாமே முன்னால் போனார். 37 வயதில் மேஜர் ஜெனரல்.

கரக்பூரில் கணக்கு ஒத்துவரவில்லை. சாகுலியா போன்ற திடல்களிலிருந்து கிளம்பும் பி-29 விமானம் நேரே ஜப்பானை எட்டாது. நடுவில் சீனாவின் செங்டுவில் இறங்கிப் பெட்ரோல் போடணும். அந்தப் பெட்ரோலையும் இமயத்தைத் தாண்டி விமானத்தில்தான் சுமக்கணும். ஜப்பானுக்கு ஒரு நடை போய்வர, சுமைக்கே ஆறேழு நடை! சரக்கு விலையை வண்டிக்கூலி விழுங்கும் வியாபாரம் என்ன கதியாகும் என்று நம் கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்மவர் நிறைந்திருந்த சிங்கப்பூரின் கப்பல் துறையை நவம்பர் 5-ல் தாக்கியபோது இந்தத் தொல்லை இல்லை. வங்காளத்திலிருந்தே போய்வர முடிந்தது.

முக்கியமானது டிசம்பர் 18. சீனாவில் ஜப்பானியர் பிடித்திருந்த ஹாங்கோ நகரின்மேல் 84 விமானங்கள் தீக்குண்டு போட்டன. லெமே முதலில் சம்மதிக்கவில்லை. மேலிடத்து உத்தரவு வந்தபின்தான் அனுப்பினார். துறைமுகப் பகுதி மூன்று நாள் எரிந்தது. அதை அவர் மறக்கவில்லை.

1945 ஜனவரியில் பசிபிக் தீவுகளுக்கு மாற்றல். அங்கே மிக உயரத்திலிருந்து போட்ட குண்டுகள் காற்றில் சிதறின. தாழப் பறந்தால் பெட்ரோல் மிச்சம். துப்பாக்கிகளைக் கழற்றினால் எடை மிச்சம். அந்த இடத்துக்கெல்லாம் தீக்குண்டு. மார்ச் 9-10 இரவு, 279 விமானங்கள், டோக்கியோ. மரவீடுகள் நிறைந்த நகரம். ஒரே இரவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் செத்தார்கள். அமெரிக்கா இழந்தது 14 விமானம்.

கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் பேரேட்டில் பெட்ரோலுக்குப் பத்தி உண்டு, தம் விமானிகளுக்கும் உண்டு. கீழே தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு ஏது? தோற்றிருந்தால் நம்மைப் போர்க்குற்றவாளிகளாக விசாரித்திருப்பார்கள் என்று லெமே சொன்னதாக, அப்போது அவருக்குப் புள்ளிவிவரம் தொகுத்த மக்னமாரா பிற்காலத்தில் கூறினார்.

லெமே 1961 முதல் 1965 வரை அமெரிக்க விமானப்படையின் தலைமைத் தளபதியாக இருந்து, 1990-ல் காலமானார். தன் விமானப்படையை வளர்க்க உதவியதற்காக 1964-ல் அவருக்கு உயரிய விருது கொடுத்த நாடு எது தெரியுமா? ஜப்பான்தான்.