வீட்டில் கட்டும் விமானத்திற்கு ஏற்ற பொருள்கள்

தங்கா பத்துக் கடற்கரையில் நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள், சில வேளைகளில் சிறிய விமானம் ஒன்று மெல்ல வட்டமிடுவதைக் காணலாம். மலாக்கா மாநிலத்தின் விமான நிலையம் பத்து பெரெண்டாமில் இருக்கிறது. விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் கழகமும் அங்கேயே இயங்குகிறது. இரண்டு அல்லது நான்கு பேர் மட்டுமே அமரக்கூடிய இத்தகைய விமானத்தை ஒருவர் தம் வீட்டிலேயே கட்ட முடியுமா?

முடியும், கட்டியும் இருக்கிறார்கள். இந்தியாவைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ், மும்பையில் தம் குடும்பம் வசித்த அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஆறு இருக்கைகள் கொண்ட விமானம் ஒன்றைக் கட்டினார். 2016ஆம் ஆண்டு மும்பையில் நடந்த தொழில் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. 2017இல் இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் அதைப் பதிவு செய்தது. கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த பொறியாளர் அசோக் தாமராட்சன், இங்கிலாந்தில் வாழ்ந்தபோது, பெருந்தொற்றுக் கால ஊரடங்கைப் பயன்படுத்தி நான்கு இருக்கை விமானம் ஒன்றை உருவாக்கினார். தென்னாப்பிரிக்க நிறுவனம் ஒன்று வெட்டித் துளையிட்டு அனுப்பிய பாகங்களை அவர் ஒன்றுசேர்த்தார். 2022இல் தம் குடும்பத்தாரை அதில் ஏற்றிக்கொண்டு பறந்தார்.

இவ்விருவரும் எடுத்துக்கொண்ட முயற்சியில் பெரும்பகுதி பறப்பது பற்றியது அன்று. எதைக் கொண்டு கட்டுவது என்பது பற்றியது. இயந்திரம் நின்றுவிட்டாலும் விமானம் சறுக்கிச் சறுக்கி ஒரு வெளியிடத்தில் இறங்கிவிடலாம். நடுவானில் இறக்கை முறிந்தால் அதற்கு மாற்றுவழியே இல்லை. எனவே, பொருளைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே விமானியின் உயிர் பாதி உறுதியாகிவிடுகிறது எனலாம்.

முதலில் மரத்தை எடுத்துக்கொள்வோம். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் சட்டம் ஸ்புரூஸ், ஆஷ் ஆகிய மரங்களால் ஆனது. இறக்கைகளுக்கு அவர்கள் பருத்தித் துணியைப் போர்த்தினர். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் சிட்கா ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் இன்றும் வீட்டில் விமானம் கட்டுவோரின் முதல் தேர்வாக இருக்கிறது. நம் தோட்டங்களில் இவ்வளவு ரப்பர் மரம் இருக்க, அதைப் பயன்படுத்தினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். பால் வற்றிய மரங்களை வெட்டி மேசையும் நாற்காலியும் செய்கிறோம். மூவாரில் அது பெரிய தொழில். ஆனால், ஒரு கன மீட்டர் ஸ்புரூஸ் ஏறக்குறைய 430 கிலோகிராம்தான் இருக்கும். ரப்பர் மரமோ 600 கிலோகிராமை ஒட்டி வரும். அதோடு ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சணமும் வண்டும் அதை விரும்பி உண்ணும். அதனால்தான் அறைகலன் செய்யும் முன் அதற்கு மருந்து ஏற்றுகிறார்கள். மேசைக் கால் ஒன்று உளுத்துப்போனால் தட்டு விழும். இறக்கையின் உள்ளே இருக்கும் நெடுஞ்சட்டம் உளுத்துப்போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஸ்புரூஸ் என்ற பெயர் மட்டும் போதாது. விமானத்திற்கு எடுக்கும் பலகையில் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் குறைந்தது ஆறு வளையங்களாவது வேண்டும் என்பது நடைமுறை. மர இழையின் ஓட்டமும் முக்கியம். பலகையின் நீளத்தில் பதினைந்து அளவு சென்றால் இழை ஓர் அளவுக்கு மேல் சாயக்கூடாது. கணுவும் பிசின் கட்டியும் கண்ணில் பட்டால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுவார்கள். பத்துப் பலகை வாங்கி மூன்றை மட்டும் பயன்படுத்த நேர்ந்தாலும் அவர்கள் வருந்துவதில்லை.

மரத்தைவிடப் பெரிய சோதனை அதை இணைக்கும் பசையில் உள்ளது. 1931ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஃபொக்கர் வகைப் பயணிகள் விமானம் ஒன்று இறக்கை முறிந்து விழுந்தது. அதிலிருந்த எட்டுப் பேரும் இறந்தனர். மரத்தாலான இறக்கையினுள் ஈரம் புகுந்து பசையைப் பலவீனப்படுத்தியிருந்தது. இறக்கையை ஒட்டுப்பலகை முழுமையாக மூடியிருந்ததால், வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை.

நம் பகுதியின் தட்பவெப்பத்திற்கு இன்னும் நெருக்கமான நிகழ்வு 1944இல் நடந்தது. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டன் கட்டிய மொஸ்கிட்டோ என்னும் போர் விமானம் பெரும்பாலும் மரத்தாலும் பசையாலும் ஆனது. ஐரோப்பாவில் சிறப்பாகப் பறந்த அவ்விமானங்களுள் சில, இந்தியாவுக்கு வந்தபின் நடுவானில் உடைந்தன. அவ்வாண்டு நவம்பரில் அங்கிருந்த மொஸ்கிட்டோக்கள் பறக்காமல் நிறுத்தி வைக்கப்பட்டன. மழைக்கால ஈரமும் வெயிலும் மாறி மாறித் தாக்கியதே காரணம் என்று சிலர் கூறினர். தொழிற்சாலையில் பலகைகளைச் சரியாகப் பொருத்தாமல் ஒட்டியதே காரணம் என்று வேறு சிலர் கண்டனர். இரண்டுமே நமக்குப் பயன்படும் செய்திகள். மொஸ்கிட்டோவின் தொடக்கக் காலத்தில் பாலிலிருந்து எடுக்கப்படும் கேசின் பசை பயன்பட்டது. ஈரப்பதம் மிகுந்த இடத்தில் கேசின் நெகிழும், பூஞ்சணமும் பிடிக்கும். பின்னர் ஃபோர்மல்டிஹைட் வகைச் செயற்கைப் பசை அதன் இடத்தைப் பிடித்தது. இன்று எபொக்சி போன்ற பசைகள் உள்ளன. இவையும் குறிப்பிட்ட விகிதத்தில் கலக்கப்பட வேண்டும். காலாவதி நாள் கடந்திருக்கக் கூடாது.

பசை நல்லதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அன்று கலக்கிய அதே பசையால் இரண்டு சிறு மரத்துண்டுகளை ஒட்டிக் காயவைத்து, மறுநாள் அவற்றை உடைத்துப் பார்ப்பார்கள். மரம் பிளந்து, பசை பிடித்த இடம் அப்படியே இருந்தால் அன்றைய வேலை தேறியது. பசை பிடித்த இடத்தில் வழுவழுப்பாகப் பிரிந்தால், அன்று ஒட்டிய அனைத்தும் சந்தேகத்திற்குரியவை. பொறுமையுள்ளவர்கள் ஒவ்வொரு கலவைக்கும் ஒரு துண்டைத் தேதி எழுதிச் சேர்த்து வைப்பார்கள். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

அடுத்தது அலுமினியம். 1906இல் ஜெர்மனியில் அல்ஃபிரட் வில்ம் என்பவர், செம்பும் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் குளிர்வித்தார். சில நாள் கழித்து அளந்தபோது அது தானாகவே கடினமாகியிருந்தது. டூரலுமின் எனப்பட்ட அந்த உலோகத்தின் வழிவந்ததே இன்றைய விமானத் தகடு. எனவே அலுமினியம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. சன்னல் சட்டத்திற்காகக் கடையில் விற்கப்படுவது பெரும்பாலும் 6063 என்னும் வகை. ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 145 நியூட்டன் விசை வரை அது நிரந்தரமாக வளையாமல் தாங்கும். 6061-டி6 என்னும் வகை 275 வரையும், 2024-டி3 என்னும் வகை 345 வரையும் தாங்கும். மூன்றும் பார்ப்பதற்கு ஒரே வெள்ளித் தகடுதான். கையில் தூக்கினாலும் எடை வேறுபாடு தெரியாது. தகட்டின் மீது அச்சிடப்பட்ட எண்ணும், ஆலை தரும் சான்றிதழும் மட்டுமே வேறுபடுத்திக் காட்டும். சான்றிதழ் இல்லாத தகடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது கூரைக்குத்தான் ஆகும்.

வலிமை மிக்கதையே வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 2024 வகையில் செம்பு கலந்திருப்பதால் உப்புக்காற்றில் அது விரைவில் அரிக்கப்படும். ஆகவே அதன் இருபுறமும் தூய அலுமினியப் படலம் ஒன்றைப் போர்த்தி விற்கிறார்கள். அந்தப் படலத்தில் ஆழமாகக் கீறல் விழுந்தால் பாதுகாப்பு குறையும். மலாக்கா நீரிணையின் காற்று நாள்தோறும் வீசும் தங்கா பத்துவில், கடலோர வீடுகளின் இரும்புக் கதவுகள் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். இங்கு விமானம் கட்டுபவர் ஒருவேளை வலிமை சற்றுக் குறைந்தாலும் அரிப்பை நன்கு தாங்கும் 6061 வகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதைப் பற்றவைக்கக் கூடாத இடங்களில் பற்றவைத்தால், சூடுபட்ட பகுதி வலிமையில் பெரும்பங்கை இழந்துவிடும்.

நல்ல தகடும் தவறான முறையில் வெட்டப்பட்டால் கெட்டுவிடும். உலகில் வீட்டு விமானப் பாகங்களை அதிகமாக விற்கும் நிறுவனங்களுள் ஒன்று அமெரிக்காவின் வான்ஸ் ஏர்கிராஃப்ட். வேலையை விரைவுபடுத்த அதன் பாகங்கள் சிலவற்றில் துளைகள் லேசர் கதிரால் வெட்டப்பட்டன. ரிவெட் ஆணியின் தலை படிவதற்காகத் துளையின் விளிம்பைக் குழிவாக்கியபோது, அவற்றுள் சிலவற்றில் விரிசல் தோன்றியது. 2023இல் இது பெரும் சிக்கலாகியது. ஆயிரக்கணக்கான பாகங்களுக்கு மாற்று தர வேண்டியிருந்தது. வேறு நிதி நெருக்கடிகளும் சேர்ந்துகொள்ள, அவ்வாண்டு டிசம்பரில் அந்நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. விரிசலை முதலில் கவனித்தவர்களுள் தங்கள் கொட்டகையில் விமானம் கட்டிக்கொண்டிருந்த சாதாரண மக்களும் இருந்தனர்.

போல்ட்டும் நட்டும் சிறியவை என்பதால் பலர் அவற்றைக் கடைசியில் நினைக்கிறார்கள். 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் ஒஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் நோக்கிச் சென்ற பார்ட்நேர் நிறுவன விமானம் கடலில் விழுந்து 55 பேர் மாண்டனர். வால்துடுப்பைத் தாங்கிய போல்ட்டுகளும் ஊசிகளும் தரமற்ற போலிகள் என்பது விசாரணையில் தெரிந்தது. அவை தேய்ந்து, வால் அதிரத் தொடங்கியிருந்தது. விமானத்திற்கென்று செய்யப்படும் போல்ட்டின் தலையில் தரக்குறி இருக்கும். அதன் உடலில் மரை இல்லாத வழவழப்பான பகுதியே தகடுகளுக்குள் நிற்கும்படி நீளம் அளந்து வாங்குவார்கள். மரை வெட்டிய இடம் பள்ளமுள்ள இடம். பள்ளத்தில்தான் முறிவு தொடங்கும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் போல்ட்டு பலவற்றில் தலைவரை மரை ஓடியிருக்கும். மிகக் கடினமான போல்ட்டும் தீர்வாகாது. கடினம் கூடும்போது நெகிழ்வு குறைகிறது. வளைந்து எச்சரிக்க வேண்டியது திடீரென்று முறியும்.

நம் ரப்பருக்கு மீண்டும் வருவோம். எரிபொருள் குழாய்க்கு இயற்கை ரப்பர் உதவாது. பெட்ரோல் பட்டால் அது ஊறிப் பருத்து, வலிமை இழக்கும். ஆகையால் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் குழாயே பயன்படுகிறது. சக்கரத்தின் டயரில் மட்டும் இயற்கை ரப்பருக்கு இன்றும் நிகரில்லை. பெரிய பயணிகள் விமானங்களின் டயர்களிலும் அது மிகுதியாகச் சேர்க்கப்படுகிறது.

இனி, மலாக்கா பெருமைப்படும் பொருளுக்கு வருவோம். பத்து பெரெண்டாமில் உள்ள சிடிஆர்எம் நிறுவனம் 1990இல் தொடங்கப்பட்டது. கார்பன் இழையையும் கண்ணாடியிழையையும் எபொக்சியில் தோய்த்துச் செய்யும் கலப்புப் பொருளால் ஏர்பஸ் விமானங்களுக்கான பாகங்களை அது உருவாக்குகிறது. ஆஸ்திரேலியாவில் வடிவமைக்கப்பட்ட ஈகல் 150 என்னும் இரண்டு இருக்கை விமானமும் இங்குக் கட்டப்பட்டது. அதன் உடல் முழுவதும் கலப்புப் பொருள்தான். வீட்டில் கட்டுவோருக்கு இம்முறையை எளிமைப்படுத்திக் கொடுத்தவர் அமெரிக்கப் பொறியாளர் பர்ட் ருட்டான். நுரைக்கட்டியை இறக்கை வடிவில் வெட்டி, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை ஒட்டும் முறையை அவர் 1970களில் பரப்பினார்.

ஆயினும் தொழிற்சாலையில் செய்வதை வீட்டில் அப்படியே செய்ய இயலாது. அங்கு வெப்பமும் அழுத்தமும் ஈரப்பதமும் அளந்து கட்டுப்படுத்தப்படுகின்றன. நம் வீட்டுக் கொட்டகையில் மழை பெய்த மாலையில் எபொக்சி கலக்கினால், அதன் மேற்பரப்பில் மெழுகு போன்ற படிவு உண்டாகலாம். அடுத்த அடுக்கு அதன்மேல் பிடிக்காது. இன்னொன்று: கார்பன் இழையும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், மின்கலத்தில் நடப்பது போன்ற வினை நடந்து அலுமினியம் அரிக்கப்படும். இடையில் கண்ணாடியிழை அடுக்கு ஒன்றை வைத்து இதைத் தடுப்பார்கள். முதன்முறை கட்டுபவர் மரத்திலோ அலுமினியத்திலோ தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம். அவற்றின் குறை பல வேளைகளில் கண்ணுக்குத் தென்படும். கலப்புப் பொருளின் உட்குறை அவ்வளவு எளிதில் வெளியே தெரிவதில்லை.

வாங்கிய பொருளும் செய்த வேலையும் சரியா என்று கேட்பதற்கு இறுதியில் மணல் மூட்டைகள் வருகின்றன. விமானத்தில் இறக்கை மேல்நோக்கித் தூக்கப்படும். ஆகையால், சோதனையின்போது இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தி அதன்மேல் எடை ஏற்றுவார்கள். பல சிறிய விமானங்களுக்கு மொத்த எடையைப் போல் 3.8 மடங்கு கணக்கிடப்படுகிறது. விமானம் 500 கிலோகிராம் என்றால் 1,900 கிலோகிராம். ஓர் இறக்கைக்கு 950. 25 கிலோகிராம் மூட்டைகள் 38 தேவைப்படும். அவற்றைப் பறக்கும்போது காற்று தூக்கும் அளவுக்கு ஏற்ப, அடிப்பகுதியில் கூடுதலாகவும் முனையில் குறைவாகவும் அடுக்குவார்கள். ஒவ்வொரு வரிசைக்குப் பிறகும் முனை எவ்வளவு தாழ்ந்தது என்று அளந்து குறிப்பார்கள். ஒலி ஏதும் கேட்கிறதா என்று அனைவரும் அமைதியாக நிற்பார்கள். மூட்டைகளை இறக்கியதும் முனை பழைய உயரத்திற்கே திரும்ப வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்து நின்றாலும், அந்த இறக்கையைப் பிரித்துப் பார்த்துக் காரணம் கண்டறியும்வரை சாயம் பூசும் வேலை தொடங்காது.